பள்ளி விளையாட்டு: பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை

விசிலும் கையுமாகப் பள்ளி மைதானத்தில் நிற்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. கேட்டில் நிறுத்திக் கேட்பார்கள், பேரண்ட்ஸ் மீட்டிங்கில் கணக்கு டீச்சரைப் பார்த்துவிட்டுப் போகிற போக்கில் கேட்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள். எல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். உடம்பு சம்பந்தப்பட்ட பதில்கள் பொதுவானவை; உங்கள் பிள்ளையைப் பார்த்த டாக்டர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதைக் கேளுங்கள்.

"சார், கேம்ஸ் பீரியட், ஸ்கூல் டீம் எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. கீழே இருக்கும் கேள்விகளில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்து வந்தவைதான். கேம்ஸ் பீரியட் என்பது ஒரு பாடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, திறமை இருக்கிறதா என்ற பேச்சே அங்கே கிடையாது. கணக்கு வராத பிள்ளையைக் கணக்கு வகுப்பிலிருந்து வெளியே அனுப்புவோமா என்ன? அடுத்தது, பள்ளி விட்ட பிறகு நடக்கும் பயிற்சி, வகுப்புக்கு வகுப்பு மோதும் மேட்ச், ஸ்போர்ட்ஸ் டே மாதிரியானவை. இங்கே விருப்பம் இருக்கிற யாரும் வரலாம். மூன்றாவதுதான் ஸ்கூல் டீம். அதற்கு மட்டும்தான் செலக்‌ஷன், அதற்கு மட்டும்தான் வெளிப் பள்ளிகளோடு போட்டி.

பெற்றோர் பேசும்போது மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "அவனுக்கு விளையாட்டு வராது சார்" என்றால் பெரும்பாலும் அவன் டீமில் இல்லை என்றுதான் அர்த்தம். அதைச் சாக்காக வைத்து முதல் இரண்டையும் விட்டுவிடுவது சரியில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடியாடினால் போதும்?"

5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். சும்மா உலாத்துவது கணக்கில் வராது, மூச்சு கொஞ்சமாவது வாங்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது நன்றாக இரைக்கும்படியான ஓட்டமும், தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கும் குதித்தல், ஏறுதல், தொங்குதல் போன்றவையும் இருக்க வேண்டும். சராசரி என்ற வார்த்தையைக் கவனியுங்கள்: ஒரு நாள் 30 நிமிடம்தான் முடிந்தது என்றால் உலகம் மூழ்கிவிடாது, இன்னொரு நாள் 90 ஆகட்டும்.

60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. பள்ளிக்கு வேகமாக நடந்து வந்தால், சைக்கிள் மிதித்தால், இடைவேளையில் ஓடிப்பிடித்து விளையாடினால் எல்லாமே சேரும். 2016 வரையிலான தரவுகளை வைத்து இதே நிறுவனம் பார்த்தபோது, உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுக்காரர்களில் 81 சதவீதம் பேர் இந்த அளவைத் தொடவில்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். அதனால் உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

"அதான் ஸ்கூல்ல பீரியட் இருக்கே, அது போதாதா?"

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 நிமிட பீரியட். வகுப்பிலிருந்து இறங்கி வர, திரும்பிப் போக 10 நிமிடம். மிச்சம் 30. நாற்பது பிள்ளைகள், ஒரு வரிசை, ஒரு பந்து, ஒரு வளையம். ஓடி வந்து எறிந்து பந்தை எடுத்துக் கொடுக்க 15 நொடி என்றால், ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். ஆக மொத்தம் மூன்று எறி, 45 நொடி அசைவு. மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். இது எந்தப் பள்ளியிலும் நடக்கிற காட்சி, நானே ஆரம்ப வருடங்களில் இப்படித்தான் வகுப்பு எடுத்தேன்.

அதனால் "வாரத்துக்கு எத்தனை பீரியட்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பீரியட்டில் என் பிள்ளை எவ்வளவு நேரம் நிற்கிறது?" என்று கேளுங்கள். கூட்டம் அதிகமாக இருந்தால் நாலு நாலு பேராகப் பிரித்துச் சின்னச் சின்ன ஆட்டமாக ஆடவிட்டாலே போதும், எல்லோருக்கும் பந்து கிடைக்கும். கூடைப்பந்து பிறந்த கதையே ஒரு வகுப்புக் கதைதான். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக அதைக் கண்டுபிடித்தார். வகுப்பில் 18 பேர், அதனால் பக்கத்துக்கு 9 பேர் என்று ஆடவைத்தார், யாரையும் ஓரமாக உட்கார வைக்கவில்லை.

"விளையாட்டுல போனா படிப்பு கெட்டுடாதா?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், பத்தாம் வகுப்பு தொடங்கினால் போதும், வரிசையில் வருவார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல், பள்ளியில் உடல் அசைவுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கிடைத்த தொடர்புகளில் ஏறக்குறைய பாதி சாதகமானவை, மீதியில் பெரும்பாலானவற்றில் வித்தியாசமே இல்லை, பாதகமாக வந்தது 1.5 சதவீதம் மட்டும். அதாவது விளையாடினால் மார்க் கூடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பாட நேரத்தில் கொஞ்சத்தை மைதானத்துக்குக் கொடுத்ததால் மார்க் சரிந்தது என்பதற்கு ஆதாரம் கிட்டத்தட்ட இல்லை.

படிப்பைக் கெடுப்பது வேறு ஒன்று: தூக்கக் குறைவு. அதிகாலை பயிற்சி, மாலை டியூஷன், ராத்திரி வீட்டுப்பாடம், அப்புறம் போன். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். இதில் கை வைக்கிற பயிற்சி அட்டவணை எதுவாக இருந்தாலும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பரீட்சை மாதத்தில் போட்டிகளைக் குறைப்பது நியாயம்தான். அரை மணி நேர ஓட்டத்தையும் சேர்த்து நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

"எங்க பையன் டீம் பிரிக்கும்போது கடைசி ஆளா நிக்கறான், அதனால போகவே மாட்டேங்கறான்"

அந்த இடத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு கேப்டன்கள் மாறி மாறிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கூட்டம் கரைந்துகொண்டே வருகிறது. கடைசியில் இரண்டு பேர். அதில் ஒருவன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருக்கும் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டுவான். "சரி, இவனை நீயே வச்சுக்கோ" என்று ஒரு குரல். இதற்குப் பிறகு அந்தப் பையன் வயிற்று வலி என்று லீவு லெட்டர் கொடுத்தால் யாரைக் குறை சொல்ல முடியும்?

குறை பிரிக்கும் முறையில் இருக்கிறது. ஆசிரியரே எண் சொல்லிப் பிரிக்கலாம், முன்னமே பட்டியல் எழுதி வரலாம், பிறந்த மாதத்தை வைத்துப் பிரிக்கலாம், இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை. நேராகப் போய் "இப்படிப் பிரிக்க வேண்டாமே" என்று சொல்லுங்கள், பெரும்பாலான ஆசிரியர்கள் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, பந்தைப் பிடிக்க, எறிய, உதைக்க அவனோடு தினமும் பத்து நிமிடம். "விளையாட்டு வராது" என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பலருக்கு இந்த மூன்றையும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அப்புறம், குழு ஆட்டம் ஒத்துவராத பிள்ளைக்கு நீச்சல், ஓட்டம், மலையேற்றம், நடனம், தற்காப்புக் கலை என்று எவ்வளவோ இருக்கிறது.

"எந்த வயசுல எந்த விளையாட்டுல சேர்க்கலாம்?"

ஆறேழு வயதில் எந்த விளையாட்டு என்பது முக்கியமில்லை. ஓட, தாண்ட, உருள, எறிய, பிடிக்க, ஒற்றைக் காலில் நிற்கத் தெரிந்தால் போதும். விதிகள், ஸ்கோர், இடம் பிடித்து ஆடுவது எல்லாம் எட்டு ஒன்பது வயதுக்குப் பிறகுதான் மண்டையில் ஏறும். அதற்கு முன்னால் கால்பந்து ஆடவிட்டால் இருபது பேரும் பந்தைச் சுற்றித் தேனீக்கூட்டம் மாதிரி ஓடுவார்கள். ஓடட்டும், பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும்.

நீச்சலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது உயிர் காக்கும் திறமை.

"சின்ன வயசுலேயே ஒரே விளையாட்டுல போட்டாதானே மேல வர முடியும்?"

ஜிம்னாஸ்டிக்ஸ், ஃபிகர் ஸ்கேட்டிங் மாதிரி சில விளையாட்டுகளில் இளம் வயதிலேயே உச்சம் வந்துவிடுகிறது, அங்கே நிலைமை வேறு. மற்றவற்றில் அவசரமே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல் சொன்னது, ஒரே விளையாட்டில் குவிவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுங்கள் என்று. காரணம் எளிமையானது. வருடம் முழுக்க அதே தோளால் எறிந்தால், அதே முழங்காலால் குதித்தால், வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு தாங்காது. அது தாங்கினாலும் மனசு சலித்துவிடும்.

ஏற்கெனவே ஒன்றில் இறங்கிவிட்டீர்கள் என்றால் மூன்று கணக்குகளை நினைவில் வையுங்கள்: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, வருடத்தில் அந்த விளையாட்டிலிருந்து மொத்தம் மூன்று மாதம் விலகல், அதை ஒவ்வொரு மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம், வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 11 வயதுப் பிள்ளை வாரம் 18 மணி நேரம் பயிற்சி செய்கிறது என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

"செலக்‌ஷன்ல எடுக்கலை. போய்க் கேட்கலாமா?"

தாராளமாக. ஆனால் "ஏன் எடுக்கலை?" என்று ஆரம்பித்தால் எதிராளி உடனே தற்காப்புக்குப் போய்விடுவார். "அடுத்த முறைக்கு அவ எதைச் சரிசெய்யணும்?" என்று கேளுங்கள், முடிந்தால் உங்கள் மகளே கேட்கட்டும். நல்ல பயிற்சியாளரிடம் இரண்டு மூன்று குறிப்பான விஷயங்கள் இருக்கும். "எல்லாமே இம்ப்ரூவ் பண்ணணும்" என்றால் அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறந்த மாதமும் இதில் ஒரு விஷயம். ஒரே வயதுப் பிரிவில் வருட ஆரம்பத்தில் பிறந்த பிள்ளைக்கும் கடைசியில் பிறந்த பிள்ளைக்கும் கிட்டத்தட்ட 12 மாத வித்தியாசம் இருக்கும். 1985-ல் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்தவர்கள், தேர்வானவர்களில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் விகிதத்துக்கு மீறி அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1-ல் தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் பிறந்ததால் கொஞ்சம் பெரிதாக இருந்தார்கள், அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வளர்ச்சி வேகமும் ஒரே மாதிரி வராது: பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதிலும் உயரம் வேகமாகக் கூடும், அதிலும் ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே. 13 வயதில் விடுபட்ட பிள்ளை 16 வயதில் வந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி டீமிலிருந்து தூக்கி எறிந்தார்கள் என்று கதை சொல்வார்கள், அது முழு உண்மையில்லை. அவரை ஜூனியர் டீமில் போட்டார்கள், அங்கே அவர் நிறைய ஆடினார். அதுதான் நடக்க வேண்டியதும்: பெரிய டீமில் இடமில்லாத பிள்ளைக்கு ஆட இன்னொரு டீம்.

"டீம்ல எடுத்தாங்க, ஆனா பெஞ்ச்லயே உட்கார வைக்கறாங்க"

மேட்ச் முடிந்த உடனே மைதானத்தில் வைத்துப் பேசாதீர்கள். அப்போது எல்லோர் ரத்தமும் சூடாக இருக்கும். ஒரு நாள் விட்டுத் தனியாக நேரம் கேளுங்கள். போவதற்கு முன்னால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை, "உனக்கு இது பிரச்சினையா?" என்று. சில பிள்ளைகளுக்கு டீம் ஜெர்சியும் பஸ் பயணமும் நண்பர்களுமே போதும், வருத்தமெல்லாம் அப்பாவுக்குத்தான் இருக்கும். என் கருத்து: 12 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் ஆட நேரம் தர வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை.

"கூடைப்பந்து ஆடினா உயரமாவாங்களா? வெயிட் தூக்கினா வளர்ச்சி நின்னுடுமா?"

இரண்டுமே இல்லை. உயரமானவர்களைக் கூடைப்பந்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் ஆடுகிறவர்கள் உயரமாகத் தெரிகிறார்கள். உயரத்தில் பெரும்பங்கு பரம்பரை. சாப்பாடும் தூக்கமும் ஆரோக்கியமும் மீதி.

எடைப் பயிற்சியில் பயப்பட வேண்டியது எடைக்கு அல்ல, கண்காணிப்பு இல்லாததற்கு. சொல்லித் தர ஆள் பக்கத்தில் இருந்து, முறை சரியாக இருந்து, தூக்க முடிந்த எடையில் தொடங்கினால் பிள்ளைகளின் வளர்ச்சியை அது பாதிப்பதில்லை. மதிலிலிருந்து குதித்து இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் இறங்குகிறது, அதை யாரும் தடுப்பதில்லையே. யார் அதிகம் தூக்குவது என்று பையன்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டுகிற இடத்தில்தான் முதுகு போகிறது.

"குதிகால் வலிக்குதுன்னு சொல்றான். வளர்ற வலிதானே, விட்டுடலாமா?"

போன வருடம் ஒரு பையன் வார்ம்-அப் ஓட்டத்தில் குதிகாலைத் தரையில் வைக்காமல் நுனிக்காலிலேயே ஓடினான். ஏதோ ஸ்டைல் என்று நினைத்துச் சிரித்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டேன், வலி. குதிகால் எலும்பு முழுசாக இறுகுவதற்கு முன்னால் பின்னங்கால் தசைநார் அதை இழுப்பதால் வருவது, 8 முதல் 14 வயதுக்குள் அடிக்கடி பார்க்கலாம். இதே மாதிரி முழங்கால் சிப்பிக்குக் கீழே ஒரு முண்டு வீங்கி வலிப்பதும் உண்டு, அது குதித்து ஆடுகிற விளையாட்டுகளில் அதிகம். இரண்டுமே பயப்படும் நோய் இல்லை, வளர்ச்சி முடிந்ததும் அடங்கிவிடும். ஆனால் வலியோடு ஆடவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, நீச்சல் அல்லது சைக்கிளுக்கு மாற்றினால் பிள்ளை சும்மா உட்கார வேண்டியதும் இல்லை.

நொண்டி நடந்தால், வீக்கமோ காய்ச்சலோ இருந்தால், தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு ஒரே இடத்தில் வலித்தால், டாக்டரிடம் போய்விடுங்கள். வளரும் வலி என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

"கால் பிசகிடுச்சு. உருவி விடலாமா?"

வேண்டாம். உருவுவது, இழுப்பது, சூடு வைப்பது மூன்றும் முதல் இரண்டு நாளில் வீக்கத்தைக் கூட்டும். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் 10, 15 நிமிடம், லேசாக ஒரு கட்டு. கணுக்கால் பிசகியதும் பிள்ளையால் நாலடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால், அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் துடித்தால், எக்ஸ்ரே பார்க்க வேண்டும். உலகம் முழுக்க அவசரப் பிரிவு டாக்டர்கள் பார்க்கும் முறையும் கிட்டத்தட்ட இதுதான்.

வீக்கம் வடிந்ததும் ஆட அனுப்பிவிடாதீர்கள். ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்க, அதே காலில் குதிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத கால் மறுபடி பிசகும்.

"தலையில அடிபட்டுச்சு, மயக்கம் போடலை. மறுபடி ஆட விடலாமா?"

கூடாது. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மூளையதிர்ச்சி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மயக்கம் போடுவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கண் கூசுவது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, "ஸ்கோர் என்ன?" என்றால் முழிப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பிள்ளை "நான் நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று கெஞ்சும். சந்தேகம் என்றாலே வெளியே.

வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டால், வலிப்பு வந்தால், கழுத்து வலித்தால், கை கால் பலவீனமானால் உடனே ஆஸ்பத்திரி. இவை இல்லாவிட்டாலும் டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும். ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் நடை, பள்ளிப் பாடம், லேசான ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, டாக்டர் சம்மதித்த பிறகு முழுப் பயிற்சி, கடைசியாக மேட்ச். ஓட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், அறிகுறி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். சனிக்கிழமை ஃபைனல் என்பது இதற்கு விதிவிலக்கு இல்லை.

"ஆஸ்துமா இருக்கு. விளையாட அனுப்பலாமா?"

அனுப்பலாம், அனுப்ப வேண்டும். ஒலிம்பிக் வீரர்களில் ஆஸ்துமாக்காரர்கள் நிறைய. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் இன்ஹேலரை விளையாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் எடுக்க வேண்டும், வார்ம்-அப்பை மெதுவாக நீட்டிச் செய்ய வேண்டும். ஓட்டத்தை நிறுத்திய ஐந்து பத்து நிமிடத்தில்தான் பலருக்கு இழுப்பு அதிகமாகும், அதனால் முடிந்த உடனே பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். இன்ஹேலர் மைதானத்தில் பையில் இருக்க வேண்டும். பூட்டிய ஸ்டாஃப் ரூமில் பத்திரமாக இருந்து என்ன பயன்?

"பீரியட்ஸ் நேரத்துல பொண்ணு விளையாடலாமா?"

அவளுக்கு முடிந்தால் விளையாடலாம், உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. லேசான அசைவில் வயிற்று வலி குறைகிறது என்று பலர் சொல்வார்கள். முடியவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடலாம், அதற்குக் காரணம் கேட்டு எல்லோர் முன்னாலும் நிற்க வைக்கக் கூடாது. ஆண் ஆசிரியராக நான் செய்தது, "இன்னைக்கு லைட்" என்று சொன்னால் போதும் என்று எல்லா வகுப்புக்கும் ஒரு விதி வைத்தேன், பையன்களுக்கும் அதே விதி. அடர் நிற விளையாட்டு உடை, பக்கத்திலேயே சுத்தமான கழிப்பறை, இரண்டும் இருந்தால் பாதிப் பெண் பிள்ளைகள் ஒதுங்கவே மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது இதற்கு நேர் எதிரான நிலைமை. கடும் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை என்றால் அதை நல்ல ஃபிட்னஸ் என்று நினைக்காதீர்கள். செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம், எலும்பு வலுவிழக்கும். டாக்டரைப் பாருங்கள்.

"வெயில்ல ஆடவிடறாங்க, மயங்கி விழுந்தா?"

உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். நீண்ட விடுமுறை முடிந்த முதல் வாரத்திலேயே முழுப் பயிற்சி வைப்பதுதான் ஆபத்து. நேரத்தையும் வேகத்தையும் நாளுக்கு நாள் கூட்ட வேண்டும், தண்ணீர் இடைவேளை கேட்டுப் பெறுகிற சலுகையாக இருக்கக் கூடாது.

பிள்ளை தள்ளாடினால், உளறினால், கோபமாக நடந்துகொண்டால் ஹீட் ஸ்ட்ரோக் என்கிற வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். வியர்க்கிறதே என்று சமாதானம் அடையாதீர்கள், வியர்வையோடும் வரும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அது வரும் வரை குளிர்விக்க வேண்டும்: நிழலில் கிடத்தி, கூடுதல் உடையைக் கழற்றி, குளிர்ந்த நீரில் கழுத்து வரை இறக்கி ஆள் பிடித்துக்கொள்ளலாம், தொட்டி இல்லாவிட்டால் உடம்பு முழுக்க நீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். வண்டியில் ஏற்றுகிற பரபரப்பில் இந்த நிமிடங்களை விட்டுவிடுகிறார்கள்.

"புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா?"

பள்ளிப் பிள்ளைக்குத் தேவையில்லை. மூன்று வேளை ஒழுங்கான சாப்பாடும் பயிற்சிக்குப் பின் ஏதாவது ஒரு சிற்றுண்டியும் போதும். லேபிளில் இல்லாத பொருட்கள், தடை செய்யப்பட்ட மருந்து உட்பட, சில பவுடர்களில் கலந்திருந்து வீரர்கள் ஊக்கமருந்து சோதனையில் மாட்டியிருக்கிறார்கள்.

"மகளுக்குக் கண் சரியாத் தெரியாது. கேம்ஸ் பீரியட்ல ஸ்கோர் எழுதச் சொல்லிடறாங்க"

அது பங்கேற்பு இல்லை. முதல் பதிலில் சொன்னேனே, பீரியட் எல்லோருக்குமான பாடம் என்று. அந்த எல்லோரில் உங்கள் மகளும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, 2006-ல் வந்தது, அதன் 30-வது பிரிவு பள்ளியில் நடக்கும் விளையாட்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

சட்டத்தைக் காட்டுவதற்கு முன்னால் யோசனையோடு போங்கள், அது சீக்கிரம் வேலை செய்யும். உள்ளே மணி இருக்கும் பந்து, தரையில் கயிறு வைத்து மேலே டேப் ஒட்டிக் காலுக்குத் தட்டுப்படுகிற கோடு, ஓட்டத்துக்குக் கையில் ஒரு சின்னக் கயிறு பிடித்துக் கூட ஓடும் தோழி. கோல்பால் என்ற ஆட்டம் 1946-ல் போரில் பார்வை இழந்தவர்களுக்காக உருவாக்கப்பட்டது, எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு மணிச் சத்தத்தை வைத்து ஆடுவார்கள். ஒருமுறை ஒரு வகுப்பு முழுக்க ஆடவைத்தேன். எப்போதும் பாய்ந்து பாய்ந்து கோல் போடுகிற பையன் பந்து எங்கே என்று தெரியாமல் தவழ்ந்துகொண்டிருந்தான். வழக்கமாக ஸ்கோர் எழுதுகிற பிள்ளை ஏழு பந்தைத் தடுத்தது.

"கோச் தண்டனையா பத்து ரவுண்டு ஓடவிடறார், கத்தறார். ஸ்ட்ரிக்டா இருந்தாதானே நல்லது?"

கண்டிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால், பிள்ளை காலம் முழுக்க ஓட்டத்தைத் தண்டனையாகவே பார்க்கும். அதோடு வெயிலைப் பற்றி மேலே சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள்: நிறுத்தக் கேட்கப் பயப்படும் பிள்ளைதான் மயங்கி விழும். தாமதமாக வந்தால் அன்றைக்கு ஆட்டத்தில் கடைசியாக இறங்கட்டும், அது போதும்.

அடிப்பது, உடம்பைப் பற்றிக் கேலி செய்வது, காயத்தோடு ஆடவைப்பது, பிள்ளையோடு மட்டும் தனியாக மெசேஜ் பரிமாறுவது, பூட்டிய அறையில் தனியாகப் பேசுவது, இவற்றில் எதற்கும் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லாதீர்கள். தேதி, நேரம், நடந்தது எல்லாவற்றையும் எழுதித் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். நல்ல பயிற்சியாளருக்கு இந்த விதிகளால் ஒரு இடைஞ்சலும் வராது. நானே பெற்றோர் இல்லாத மெசேஜ் குழு எதிலும் இருப்பதில்லை.

"ரெண்டு வருஷமா ஆடிட்டு இப்ப விட்டுடறேங்கறா. விடலாமா, வற்புறுத்தலாமா?"

எதை விடுகிறாள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். விளையாட்டையா, கோச்சையா, அந்த நேரத்தையா, டீமில் இருக்கிற ஒரு தோழியையா, உங்கள் கார் பின்சீட்டில் மேட்ச் முடிந்து நடக்கும் விமர்சனக் கூட்டத்தையா? கடைசியில் சொன்னது நீங்கள் நினைப்பதை விட அதிகம். நேரடியாக "ஏன்?" என்று கேட்டால் "போரடிக்குது" என்ற பதில்தான் வரும். "எந்த நாள் பயிற்சிக்குப் போக ரொம்பப் பிடிக்காது?" என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் வெளியே வரும். மேலே சொன்ன மாதிரி கோச் பிரச்சினை என்றால் இன்றே நிறுத்துங்கள். இல்லையென்றால் இந்த சீசனை முடித்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லலாம், மற்ற பிள்ளைகளும் அவளை நம்பித்தானே இருக்கிறார்கள்.

கைப்பந்து டீமிலிருந்து ஒரு பெண் இப்படித்தான் ஒன்பதாம் வகுப்பில் விலகினாள். அம்மா என்னிடம் வந்து அழாத குறை. அந்தப் பெண்ணிடம் பேசியதில், ஆட்டம் பிடிக்கும், தோற்றால் எல்லோரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருப்பதுதான் பிடிக்கவில்லை என்றாள். நடுவர் விதிகளைப் படிக்கிறாயா என்று கேட்டேன். இப்போது ஜூனியர் மேட்ச்களுக்கு நெட் பக்கத்தில் ஏறி நின்று விசில் ஊதுகிறாள், சாயங்காலம் தனியாக மூன்று சுற்று ஓடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். அம்மா இன்னும் "எப்ப சார் மறுபடி டீம்ல சேர்ப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.